வந்து போகும் இணைப்பு

முற்றாகப் பழுதடைந்த பொருள் மனிதனுக்குப் பெருந்தொல்லை தருவதில்லை. எரியாத மின்குமிழை மாற்றிவிடலாம். வற்றிப்போன கிணற்றை விட்டு வேறு கிணற்றை நாடலாம். எரிவதும் அணைவதுமாக இருக்கும் மின்குமிழும், ஒருநாள் ஊறி மறுநாள் வற்றும் கிணறுமே நம்மைத் தடுமாறச் செய்வன. அவற்றை நம்பவும் முடியாது. கைவிடவும் மனம் வராது. மடிக்கணினியின் கம்பியில்லா இணைப்பு, அதாவது இன்று சிறுபிள்ளைகளும் ‘வைஃபை’ என்று சொல்லும் இணைப்பு, வந்து வந்து போகுமானால் அதுவும் இந்த இரண்டாவது வகைத் துன்பத்தைச் சேர்ந்ததே.

இத்துன்பம் ஒரு வீட்டில் தலைகாட்டியதும் முதலில் நடப்பது குற்றஞ் சாட்டுதல். தகப்பனார் இணையக் கொம்பனியைத் திட்டுவார். தாயார், அயல்வீட்டுப் பிள்ளைகள் நமது இணைப்பைத் திருடுகிறார்கள் என்பார். மூத்த மகன் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று ரவுட்டரை அணைத்து மீண்டும் எழுப்புவான். மடிக்கணினியில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போன்ற திறந்த மூல இயங்குதளம் இருக்குமாயின் வழக்கு இன்னும் விரைவாக முடிந்துவிடும். “காசு கொடாமல் கிடைத்தது இப்படித்தான் இருக்கும்” என்று விசாரணைக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

நான் பொறியியலாளன் அல்லன். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும், சென்ற பத்து ஆண்டுகளில் உறவினர் வீடுகளிலும் நண்பர் வீடுகளிலும் இத்தகைய மடிக்கணினிகள் பலவற்றின் முன் உட்கார்ந்திருக்கிறேன். அதன் பயனாக நான் உறுதியாகக் கூறக்கூடியது ஒன்றுண்டு. இந்த நோயைத் தீர்ப்பதற்குப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் பொறுமையே தேவை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்திக்கும் அது இயலும். அதனை வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறந்த மூலம் என்பது யாது?

1991ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், தாம் எழுதத் தொடங்கிய ஓர் இயங்குதளத்தின் கருப்பகுதியை உலகத்தாருக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ். அதன் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஒரு மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்ப்பதற்கு அதன் சொந்தக்காரனுக்கு உரிமை இருப்பதுபோல, கணினியின் உள்ளே என்ன நடக்கிறதென்று பார்ப்பதற்கு உங்களுக்கும் எனக்கும் உரிமை உண்டு என்பதே திறந்த மூலத்தின் அடிப்படை. விலை இல்லாமற் கிடைப்பது அதன் ஒரு பயன் மாத்திரமே.

இப்பொழுது நமது வீடுகளுக்குள் லினக்ஸ் அதிகமாக நுழைவதற்குக் காரணமும் உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழங்கிவந்த பொதுவான ஆதரவை 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, பழைய மடிக்கணினிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. நன்றாக இயங்கும் ஒரு கணினியைக் குப்பையில் எறிய மனமில்லாதவர்கள் உபுண்டு, டெபியன், மின்ட் முதலிய பெயர்களில் கிடைக்கும் லினக்ஸ் வகைகளை நாடுகிறார்கள்.

அங்ஙனம் நாடியவர்களுக்குக் கம்பியில்லா இணைப்பு மட்டும் ஏன் அடிக்கடி தொல்லை கொடுக்கிறது? கணினியின் ஒவ்வோர் உறுப்பையும் நடத்துவதற்கு ஒரு சிறு நிரல் வேண்டும். அதனை ஆங்கிலத்தில் ‘டிரைவர்’ என்பர். நாம் சாரதி என்றே அழைப்போம். வைஃபை அட்டைகளைச் செய்த நிறுவனங்கள் பல, தமது அட்டை எவ்வாறு வேலை செய்கிறதென்ற விபரங்களை நெடுங்காலம் வெளியிடவில்லை. புரோட்கொம் நிறுவனத்தின் அட்டைகளுக்குச் சாரதி எழுத விரும்பிய தன்னார்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தார்கள். ஒரு குழு, விண்டோசுக்கென்று இருந்த சாரதியை ஆராய்ந்து அட்டையின் நடத்தையைக் குறிப்பாக எழுதியது. மற்றக் குழு அக்குறிப்பை மாத்திரம் பார்த்துப் புதிய சாரதியை எழுதியது. பிறர் எழுதியதைக் களவெடுத்தார்கள் என்ற பழி வராமலிருக்கவே இத்தனை கவனம். பின்னர் 2008ஆம் ஆண்டில் அதெரோஸ் நிறுவனமும், 2010ஆம் ஆண்டில் புரோட்கொம் நிறுவனமும் திறந்த மூலச் சாரதிகளைத் தாமே வெளியிட்டன. இன்று நிலைமை பெரிதும் சீர்பட்டுவிட்டது. எனினும் பழைய காலத்து மிச்சங்கள் சில இன்னும் கிடக்கின்றன.

சாரதி மாத்திரம் போதாது. அட்டைக்குள்ளேயே ஏற்றப்பட வேண்டிய வேறொரு நிரலும் உண்டு. அதற்குப் ‘பேர்ம்வெயார்’ என்று பெயர். இது பெரும்பாலும் மூலநிரல் இன்றியே கிடைப்பது. ஆகையால் முற்றிலும் திறந்தவற்றையே வழங்குவது என்ற கொள்கையுடைய டெபியன், 2023ஆம் ஆண்டில் வெளிவந்த தனது 12ஆவது பதிப்பு வரை, இதனைத் தனது வழக்கமான நிறுவல் தொகுப்பிற் சேர்க்கவில்லை. இணையத்திற் சேர்வதற்குப் பேர்ம்வெயார் வேண்டும். பேர்ம்வெயாரை எடுப்பதற்கு இணையம் வேண்டும். பெட்டகத்தின் சாவி பெட்டகத்துக்குள்ளேயே கிடந்த கதை அது. இன்றும் எவருக்காவது அந்த நிலை நேருமானால், கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. கம்பியினால் மடிக்கணினியுடன் தொடுத்து, தொலைபேசியின் இணைப்பைத் தற்காலிகமாகக் கடன் வாங்கிக்கொள்ளலாம். இந்த எளிய வழி பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு மடிக்கணினியின் வரலாறு

எனது பெறாமகள் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள். அவளிடம் ஒரு மடிக்கணினி உண்டு. அது 2022ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. அந்த ஆண்டை நமது மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். டொலர் ஒன்றின் பெறுமதி சில வாரங்களுக்குள் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிற்று. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள்கள் யாவும் அதனுடன் ஏறின. புதிய மடிக்கணினி என்ற பேச்சுக்கே இடமில்லை. அவளுடைய தாயார் தமது காப்பு ஒன்றை அடகு வைத்து, ஏற்கெனவே ஒருவர் பாவித்த மடிக்கணினியை வாங்கிக் கொடுத்தார்.

அதில் இருந்த விண்டோசின் காலம் முடிந்தபோது பிள்ளை தானாகவே லினக்சை நிறுவிக்கொண்டாள். எழுத்து வேலை, கணக்கு வேலை எல்லாம் முன்னிலும் விரைவாக நடந்தன. ஆனால் வைஃபை மாத்திரம் நின்று நின்று வந்தது. முன்மண்டபத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் ஓரளவு வேலை செய்யும். தனது அறைக்குள் சென்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறுந்துவிடும். அவளுடைய ஆய்வு பற்றிய வாய்மொழிப் பரீட்சை இணையத்தின் வழியே நடக்க இருந்தது. அதற்கு இரண்டு கிழமைகளே இருந்தன. மண்டபத்திலோ தொலைக்காட்சி, தாத்தாவின் இருமல், வந்து போகும் விருந்தினர் எனச் சந்தடி ஓய்வதில்லை. பரீட்சை எழுத அது இடமன்று.

தம்பி என்னிடம் வந்து, “அண்ணை, இதை வந்த விலைக்கு வித்துப்போட்டு வேறை ஒண்டு எடுப்பமோ? மற்றக் காப்பு இருக்குது” என்றான். பிள்ளை வாய் திறக்கவில்லை. தான் லினக்சை நிறுவியதனால்தான் இந்த வினை வந்ததோ என்ற கவலை அவள் முகத்தில் தெரிந்தது.

“ஒரு கொப்பி கொண்டுவா, பிள்ளை” என்றேன்.

முதலாவது கேள்வி: அறுவது எவ்விடத்தில்?

நமது அறையிலுள்ள மடிக்கணினியிலிருந்து உலகத்தின் மறுமுனை வரை செல்லும் பாதையை ஒரு சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ளது முதற் கண்ணி. ரவுட்டருக்கும் இணையக் கொம்பனிக்கும் அப்பாலுள்ள உலகுக்கும் இடையிலுள்ளது இரண்டாவது. தளங்களின் பெயரைக் கொடுத்தால் அவற்றின் எண் முகவரியைத் தேடித்தரும் ஒழுங்கு மூன்றாவது. இம்மூன்றில் எது அறுந்தாலும் திரையில் நமக்குத் தெரிவது ஒன்றே: பக்கம் திறக்கவில்லை. ஆகையால் முதற் கேள்வி, அறுவது எந்தக் கண்ணி என்பதே.

இதற்குப் ‘பிங்’ என்னும் கட்டளை போதும். இது ஒரு முகவரிக்குச் சிறு பொதி ஒன்றை அனுப்பி, விடை வந்ததா, வர எத்தனை மில்லி செக்கன் பிடித்தது என்று சொல்லும். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1 என்று இருக்கும். ரவுட்டர் ஒழுங்காக விடை தருகிறது, ஆனால் 8.8.8.8 போன்ற வெளியுலக முகவரி விடை தரவில்லை என்றால், மடிக்கணினி நிரபராதி, கொம்பனியிடம் முறையிடலாம். எண் முகவரி விடை தருகிறது, பெயர் கொடுத்தால் விடை இல்லை என்றால், பெயர் தேடித்தரும் ஒழுங்கிலே பிழை. ரவுட்டரே விடை தரவில்லை என்றால்தான் வைஃபையைச் சந்தேகிக்க வேண்டும்.

பிள்ளை தனது அறையிலிருந்து ரவுட்டருக்கு 100 பொதிகளை அனுப்பினாள். 34 பொதிகள் திரும்பவில்லை. அதே அறையில் அவளுடைய கைத்தொலைபேசி அதே ரவுட்டரின் வழியே படக்காட்சியைத் தடையின்றி ஓட்டிக்கொண்டிருந்தது. கொப்பியில் எழுதினோம்: “முதற் கண்ணி. ரவுட்டரிற் குறையில்லை.” இவ்வளவில் வீட்டார் சுமத்திய குற்றச்சாட்டுகளிற் பாதி தள்ளுபடியாயிற்று.

இரண்டாவது கேள்வி: கணினி தானே என்ன சொல்லுகிறது?

திறந்த மூல இயங்குதளத்தின் பெருஞ்சிறப்பு இங்கேதான் தெரியும். அது தனக்கு நேர்வதை எல்லாம் நேரத்துடன் எழுதி வைக்கிறது. ஆங்கிலத்தில் டீ, எம், ஈ, எஸ், ஜீ என ஐந்து எழுத்துக்களைத் தட்டினால் அந்த நாட்குறிப்பு திரையில் விரியும். அதில் வைஃபை அட்டையைப் பற்றிய வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். பேர்ம்வெயார்க் கோப்புக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் மருந்து ஒன்று. ரவுட்டரின் சைகை கேட்காமற் போயிற்று என்று எழுதியிருந்தால் மருந்து வேறு. கடவுச்சொல் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்றிருந்தால் அதற்கும் வேறு மருந்து.

இணைப்பு அறவே இல்லாதவர்கள் ‘ஆர்.எஃப்.கில்’ என்னும் கட்டளையையும் கேட்டுப் பார்க்கலாம். கம்பியில்லாக் கருவி மூடப்பட்டிருக்கிறதா, மூடியது மென்பொருளா அல்லது மடிக்கணினியின் ஓர் ஆளியா என்று அது கூறும். விசைப்பலகையில் ஆகாய விமானப் படமுள்ள விசையைச் சிறுபிள்ளை ஒன்று அழுத்திவிட்டதால் ஒரு வீட்டில் இரண்டு நாள் இணையம் இல்லாதிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பெறாமகளின் கணினியில் அட்டையும் சாரதியும் பேர்ம்வெயாரும் ஒழுங்காகவே இருந்தன. ரவுட்டரின் சைகை கேட்கவில்லை என்ற வரி மட்டும் மீண்டும் மீண்டும் வந்திருந்தது. அதனை நேரத்துடன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது கேள்வி: அட்டை உறங்குகிறதா?

ரவுட்டரானது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய பத்துத் தடவை, “நான் இங்கே இருக்கிறேன்” என்று ஒரு சைகையை விடுத்துக்கொண்டிருக்கும். பற்றரியை மிச்சம் பிடிப்பதற்காக, வேலையில்லாத வேளைகளில் மடிக்கணினியின் அட்டை உறங்கி, அச்சைகை வரும் நேரத்துக்குக் கண்விழித்து, தனக்கு ஏதும் பொதி காத்திருக்கிறதா என்று கேட்கும். ஒப்பந்தம் நல்லதுதான். ஆனால் சில அட்டைகள் உரிய நேரத்தில் விழிப்பதில்லை. அப்பொழுது இணைப்பு தயங்கும். சில வேளை அறும்.

உபுண்டு முதலியவற்றில் இந்த உறக்கத்தை ஆளுவது ‘நெட்வேர்க் மனேஜர்’ என்னும் நிரல். அதன் அமைப்புக் கோப்பில் ‘பவர்சேவ்’ என்னும் சொல்லுக்கு எதிரே 3 என்றிருந்தால் உறக்கம் உண்டு. 2 என்று மாற்றினால் உறக்கம் இல்லை. எத்தனையோ மடிக்கணினிகளின் நோய் இந்த ஓர் எண்ணை மாற்றியதும் தீர்ந்திருக்கிறது. பற்றரி சற்று விரைவாகத் தீரும் என்பதே நட்டம்.

நாங்களும் மாற்றிப் பார்த்தோம். மீண்டும் 100 பொதிகள். இம்முறை 31 திரும்பவில்லை. மூன்று பொதி வித்தியாசத்தை முன்னேற்றம் என்று கொள்வதற்கில்லை. ஆகையால் எண்ணைப் பழையபடி 3 ஆக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம். பயன்படாத மாற்றத்தை உடனே நீக்கிவிடுவது முக்கியம். இல்லாவிடில் நாலைந்து மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, எது மருந்து, எது நஞ்சு என்று தெரியாமற் போய்விடும்.

நாலாவது கேள்வி: ஆகாயத்தில் நெருக்கடியா?

வைஃபைக்கான பொது விதி 1997ஆம் ஆண்டில் 802.11 என்னும் இலக்கத்துடன் வெளிவந்தது. அது முதலிற் பயன்படுத்திய வானொலி அலைப்பகுதியான 2.4 கிகா ஹேர்ட்ஸ் என்பதே இன்றும் பழைய கருவிகளுக்குப் புகலிடம். அந்தப் பகுதியை 13 வாய்க்கால்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வாய்க்காலும் அயல் வாய்க்கால்கள் மீது வழிந்தோடுவது. ஒன்றோடொன்று முட்டாதவை என்று கொள்ளத்தக்கவை 1, 6, 11 என்னும் மூன்றே. நெருக்கமாக வீடுகள் உள்ள இடத்தில் பத்து ரவுட்டர்கள் ஒரே வாய்க்காலிற் பேசினால், சந்தைக்குள் நின்று கதை கேட்பது போலாகும். மைக்கிறோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகா ஹேர்ட்சிலேயே வேலை செய்கிறது. சமையல் நேரத்தில் மட்டும் இணைப்புக் கெடும் வீடுகளில் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 2.4 பகுதியிற் பொதுவாகப் புழங்குவது 11ஆம் வாய்க்கால் வரையே. ஆகையால் அந்நாட்டுக்கென்று நிலைப்படுத்தப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்று, நமது வீட்டு ரவுட்டர் 12இலோ 13இலோ பேசும்போது அதனைக் காணாமலே இருந்துவிடலாம். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கணினிகள் நம்மிடையே மிகுதி. ஆகையால் இதனை இங்கே குறிப்பிடுகிறேன். 5 கிகா ஹேர்ட்ஸ் பகுதியில் நெருக்கடி குறைவு. ஆனால் சுவர்களை ஊடுருவும் வலிமையும் குறைவு. பழைய வீடுகளின் தடித்த கற்சுவர்களும், நடுவில் நிற்கும் இரும்பு அலுமாரியும், தண்ணீர்த் தொட்டியும் அலைகளை விழுங்கிவிடும். ரவுட்டரை நிலத்தில் மூலையில் வைக்காமல், வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைப்பது செலவில்லாத சிகிச்சை.

ரவுட்டரின் வாய்க்காலை 6இலிருந்து 11க்கு மாற்றினோம். 33 பொதிகள் திரும்பவில்லை. கொப்பியில் எழுதினோம்; பழையபடி வைத்தோம்.

ஐந்தாவது கேள்வி: காது கேட்கிறதா?

சைகையின் வலிமையை டெசிபெல் கணக்கில், கழித்தற் குறியுடன் சொல்லுவார்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் அது −30 அளவில் இருக்கும். −67 வரை படமும் குரலும் நன்றாக ஓடும். −80க்குக் கீழே போனால் இணைப்புத் தள்ளாடும். பத்து டெசிபெல் குறைவது என்றால் வலிமை பத்திலொன்றாகக் குறைகிறது என்பது பொருள். இருபது குறைந்தால் நூறிலொன்று. மாணவர்கள் மடக்கை படிக்கும்போது இதனை நினைத்துக்கொள்ளலாம்.

லினக்சில் ஐ, டபிள்யூ என்னும் இரண்டெழுத்துக் கட்டளை இந்த அளவைக் கூறும். பெறாமகளின் அறையில் மடிக்கணினி காட்டியது −86. அதே மேசையில், அதே வேளையில், அவளுடைய கைத்தொலைபேசி காட்டியது −58.

அவள் கொப்பியைப் பார்த்தாள். “பெரியப்பா, 28 வித்தியாசம். அறுநூறு மடங்குக்கு மேல வருது” என்றாள்.

ஒரே அறை, ஒரே ரவுட்டர், ஒரே காற்று. மடிக்கணினிக்கு மட்டும் அறுநூறில் ஒரு பங்கே கேட்கிறதென்றால், அதற்குக் காதடைப்பு இருக்கிறது என்பதுதான் பொருள். அவள் மின்னிணைப்பையும் பற்றரியையும் கழற்றிவிட்டு, சிறிய திருப்புளி ஒன்றினால் பின்மூடியைத் திறந்தாள். வைஃபை அட்டையில் அன்ரனாக் கம்பி பொருந்தும் வாய்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் மட்டுமே கம்பி மாட்டியிருந்தது.

அது யாரும் கழற்றியதன்று. செய்தவர்கள் செலவைக் குறைக்க ஒரு கம்பியே வைத்திருந்தார்கள். அதுவும் குற்றமில்லை. எந்த வாயில் கம்பி இருக்கிறதென்ற குறிப்பை அட்டைக்குள் எழுதிவைப்பது வழக்கம். அந்த வகை மடிக்கணினிகள் சிலவற்றில் அக்குறிப்புப் பிழையாக எழுதப்பட்டிருந்தது. லினக்சின் சாரதி அக்குறிப்பை நம்பிக் கம்பியில்லாத வாயிலே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. இதே தொல்லையை வேறு நாடுகளில் அனுபவித்தவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே மூலநிரலைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்து, எந்த வாயைப் பாவிப்பது என்று நாமே சொல்லும் ஓர் அமைப்பைச் சாரதிக்குள் சேர்த்திருந்தார்கள். பூச்சியம் என்றால் அட்டையின் குறிப்பை நம்பு. 1 என்றால் ஒரு வாய். 2 என்றால் மற்ற வாய்.

1 என்று கொடுத்தாள். −86 அப்படியே இருந்தது. 2 என்று கொடுத்துச் சாரதியை மீண்டும் ஏற்றினாள். −57.

மீண்டும் 100 பொதிகள் அனுப்பினாள். நூறும் திரும்பின. கணினியை அணைத்து எழுப்பினாலும் அமைப்பு நிலைத்திருக்க ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அதனையும் அவளே எழுதினாள். இரண்டு கிழமைக்குப் பின், தனது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது நிமிட வாய்மொழிப் பரீட்சையை ஓர் இடத்திலும் அறாமல் முடித்தாள். முன்பு அடகு வைத்த காப்பு இன்னும் மீட்கப்படவில்லை. ஆனால் மற்றக் காப்பு தாயாரின் கையிலேயே இருக்கிறது.

மனத்திற்கொள்ள வேண்டியவை

எல்லா மடிக்கணினிக்கும் இதுவே மருந்து என்று நான் கூறவரவில்லை. ஒன்றுக்கு உறக்கம் காரணம், ஒன்றுக்கு வாய்க்கால், ஒன்றுக்குப் பேர்ம்வெயார். ஒன்றுக்குத் தீர்த்த மருந்தை மற்றதற்கும் அப்படியே கொடுப்பதனாலேயே பலர் மேலும் கெடுத்துக்கொள்கிறார்கள். முன்பின் அறியாதவர் எழுதிய கட்டளையைப் பொருள் விளங்காமற் பிரதி பண்ணி, நிர்வாகி உரிமையுடன் ஓட்டுவது, பிறருடைய மருந்துச் சீட்டுக்கு நாம் மருந்து வாங்கிக் குடிப்பதற்குச் சமம். ஒரு கட்டளையை ஓட்டுமுன், அது என்ன செய்யும், அதனை மீட்பது எப்படி என்று இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

சில அட்டைகளுக்கு எத்தனை பொறுமை காட்டினாலும் நல்ல சாரதி கிடைக்காது. அதற்காக மடிக்கணினியை விற்க வேண்டியதில்லை. யூ.எஸ்.பி. வாயில் செருகும் சிறிய வைஃபைக் கருவி ஒன்று போதும். வாங்கும்போது பெட்டியின் மேலுள்ள வேக எண்களைப் பார்த்து மயங்காமல், உள்ளிருக்கும் சில்லுக்குரிய சாரதி லினக்சின் கருவுக்குள்ளேயே உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். பரீட்சை, நேர்முகம் போன்ற முக்கியமான வேளைகளிலோ, கம்பியினால் ரவுட்டருடன் நேரே தொடுப்பதே எல்லாவற்றிலும் நம்பகமானது. பெறாமகளும் நீளமான கம்பி ஒன்றை மண்டபத்திலிருந்து தனது அறை வரை ஓடவிட்டுத் தயாராக வைத்திருந்தாள். அது தேவைப்படவில்லை, ஆயினும் வைத்திருந்தது நல்லதே.

இப்படிப் பார்ப்பதற்கு நேரம் எங்கே என்று சிலர் கேட்கலாம். எங்களுக்குப் பிடித்தது இரண்டு மாலைப்பொழுதுகள். அதற்கு முன் இரண்டு மாத காலம் அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் குறை கூறிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் கோளாறைவிட அந்தச் சச்சரவே வீட்டை அதிகம் வருத்தியது. பிள்ளை தன்னையே நொந்துகொண்டிருந்தாள். அவள் நிறுவிய இயங்குதளத்தில் வைஃபைச் சாரதியின் மூலநிரல் திறந்திருந்தது. ஆகையால்தான் எங்கோ இருந்த ஒருவர் அந்தப் பிழையைக் கண்டு திருத்த முடிந்தது. அத்திருத்தம் நமது ஊரிலுள்ள ஒரு மேசைக்கும் வந்து சேர்ந்தது.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் இணைப்பு அறும்போது, ரவுட்டரை அணைத்து எழுப்புவதற்கு முன் ஒரு கொப்பியை எடுங்கள். நேரத்தை எழுதுங்கள், நின்ற இடத்தை எழுதுங்கள், ரவுட்டர் விடை தந்ததா என்று எழுதுங்கள். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுங்கள். இரண்டு பக்கம் நிறைவதற்குள் சந்தேகத்துக்குரியவை பெரும்பாலும் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். அதற்கு மேலும் விளங்காவிட்டால், அந்தக் கொப்பியுடன் விஷயம் தெரிந்த ஒருவரிடம் செல்லுங்கள். “வேலை செய்யுதில்லை” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருபவனைக் காட்டிலும், இரண்டு பக்கக் குறிப்புடன் வருபவனுக்கு உதவி செய்ய எவரும் பின்நிற்கமாட்டார்.